போலே

ஜூன் 28

கதவைத் திறந்தால் கற்பூர வாசனை. சோற்றில் அது. தலைமுடியில் அது. பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடியிலும் ஏறிவிட்டது.

செடியின் பெயர் லெலெஷ்வா. ஆளுயரத்துக்குச் சற்று மேல். சாம்பல் பச்சை இலை, அடிப்பக்கம் வெளுப்பு. கென்யாவில் நரோக்குக்கு வடக்கே, இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அதுதான். மழை இல்லாவிட்டாலும் நிற்கும். வெட்டினால் துளிர்க்கும். பச்சையாகவே எரியும். அதனாலேயே வேரோடு பிடுங்கிக் கரி சுடுகிறார்கள். எங்கள் வேலை அதைத் தடுப்பது. இலையை மட்டும் கழித்து, ஆவியில் வடித்து, எண்ணெய் எடுத்து ஐரோப்பாவுக்கு விற்பது. செடி சாகாது, ஆட்களுக்கும் பிழைப்பு. அறிக்கைகளில் இதற்கு நீடித்த பயன்பாடு என்று பெயர். வேதியியல் படித்த நான் இங்கே நிற்பதற்கு இந்த இரண்டு சொற்கள்தான் காரணம்.

மேலாளர் தாணுலிங்கம் அண்ணாச்சி நாகர்கோவில்காரர். ஆப்பிரிக்காவில் பாதி வாழ்க்கை. எண்ணெய் வடிக்கும் இரும்புக் கலத்தை அவர் கொப்பரை என்கிறார்.

"முத்தரசின்னு பேரு. கவிதையும் எழுதுவியாமே?" என்றார் முதல் நாள். "எழுதிக்கோ. ஆனா கொப்பரைக்குக் கவிதை தெரியாது, கேட்டியா."

ஜூன் 30

லெமயான் வண்டி ஓட்டுகிறான், ஆட்களை மேய்க்கிறான், எனக்காக மொழிபெயர்க்கிறான். இன்று ஒரு சுவாஹிலிச் சொல் கற்றுக்கொடுத்தான்.

போலே.

வருத்தத்துக்குச் சொல்வது. கல் தடுக்கினால் போலே. அம்மா இறந்தால் போலே. வேலை செய்கிறவரைச் சும்மா கடந்து போனாலும் போலே. பாவம், கஷ்டப்படுகிறாய் என்று. தப்பு செய்தவர் சொல்வதல்ல. பார்த்தவர் சொல்வது. பதிலுக்கு அசாந்தே என்று நன்றி சொல்ல வேண்டும்.

"அதையே சேர்த்து ரெண்டு தடவை சொன்னா வேற அர்த்தம், மிஸ். போலேபோலேன்னா மெதுவான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் இது உவம உருபு. லெமயானுக்கு அதை எப்படி விளக்குவது? ஒன்று இன்னொன்றாக இல்லாதபோது, இருப்பதாகக் காட்ட நடுவில் வைக்கும் சொல் என்றேன். மலர் போலே முகம். பால் போலே நிலா.

"அப்ப உங்க ஊர்ல நிலாவுக்கும் வருத்தப்படுறீங்க" என்றான்.

ஜூலை 4

நசியெகு. இலை கழிக்கும் பெண்களுக்குத் தலைவி. வயது கேட்டால் சிரிப்பாள். முன்பு கரி சுட்டவள். மற்ற பெண்களைக் கரி மூட்டத்திலிருந்து இங்கே கூட்டிவந்தவள் அவள்தான். நான் கூப்பிட்டு யாரும் வரவில்லை.

இன்று ஒரு கொத்து இலையைக் கசக்கி இரண்டு அக்குளிலும் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இதைத்தான் வெள்ளைக்காரங்க போத்தல்ல வாங்குறாங்களா, மிஸ்?"

ஆமாம் என்றேன்.

"அவ்வளவு நாத்தமா அவங்களுக்கு?"

லெமயானால் மொழிபெயர்த்து முடிக்க முடியவில்லை. பெண்கள் இலைக்கட்டுகளின் மேல் விழுந்து சிரித்தார்கள். எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள்: மிஸ் ஹராக்கா. ஹராக்கா என்றால் சீக்கிரம். நான் அதிகம் சொல்லும் சொல் அதுதானாம்.

ஜூலை 9

இருபத்து நான்காம் தேதி விருந்தாளிகள் வருகிறார்கள். இந்தத் திட்டம் நடப்பது அவர்கள் பணத்தில். வந்து பார்த்துத் தொடரலாமா, மூடலாமா என்று முடிவு செய்வார்கள். அதற்குள் ஒரு பீப்பாய் எண்ணெய் காட்ட வேண்டும். பாதிகூட இல்லை.

செடி விதைக்கும் பருவம். கிளை நுனியெல்லாம் வெள்ளைப் பஞ்சு. நசியெகு ஒவ்வொரு கிளையிலும் பஞ்சை உருவித் தனிச் சாக்கில் அடைக்கிறாள். மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறதாம், குழந்தைக்குத் தலையணை. அவளைப் பார்த்து மற்றவர்களும் உருவுகிறார்கள். நேரம் போகிறது. பஞ்சோடு சேர்த்தே கொப்பரையில் போடச் சொன்னேன்.

"பஞ்சுலயும் எண்ணெய் இருக்கா, மிஸ்?"

"இருக்கு."

இல்லை. எனக்குத் தெரியும்.

"ஹராக்கா" என்றேன்.

"ஹராக்கா, ஹராக்கா!" என்று கோழி விரட்டுகிறவள் மாதிரி கையை வீசினாள் நசியெகு. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏற்கெனவே சேர்த்த ஒரு சாக்கை மட்டும் கொட்டகை மூலையில் வைத்துக்கொள்ள விட்டேன்.

ஜூலை 12

இன்று எண்ணெய் நன்றாக இறங்கியது. அண்ணாச்சி என்னை இஞ்சினியரம்மா என்றார்.

ஜூலை 15

ஒரு தடவை வடிப்பதை அண்ணாச்சி ஒரு ஈடு என்கிறார், இட்லிக்குச் சொல்வது மாதிரி. அடுப்பை இழுத்த பிறகு, அதாவது எரியும் விறகை வெளியே எடுத்த பிறகு, கொப்பரை ஆற வேண்டும். ஆறிய பிறகுதான் மூடியின் திருகுகளைக் கழற்ற வேண்டும். நானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி இது. ஆறும் நேரத்தில் இன்னொரு ஈடு போட்டுவிடலாம் என்று தோன்றியது. அடுப்பை இழுத்ததுமே திறக்கச் சொன்னேன்.

நசியெகு தயங்கினாள். சுவரைக் காட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அங்கே ஒரு காகிதம் இருப்பது தெரியும், அது எதற்கு என்றும் தெரியும்.

"ஹராக்கா" என்றேன்.

திறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஆவி, அவ்வளவுதான்.

காகிதத்தைக் கிழித்துவிட்டேன். ஓரம் மடங்கி அசிங்கமாக இருந்தது. விருந்தாளிகள் வருவதற்குள் புதிதாக அச்சிடலாம்.

ஜூலை 19

கொப்பரை. நசியெகு.

ஜூலை 20

வரிசையாக எழுத வேண்டும்.

நேற்றுப் பகல். அன்றைய மூன்றாவது ஈடு. அடுப்பை இழுத்தாகிவிட்டது. எண்ணெய் பிரியும் தொட்டியருகே நான். கொப்பரையிலிருந்து வரும் குழாயில் எதுவும் சொட்டவில்லை. வெகுநேரமாகவே சொட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பஞ்சு. உள்ளே வெந்து, களியாகி, குழாயின் வாயை அடைத்திருக்கிறது. ஆவி வெளியே வரவில்லை. அப்படியானால் உள்ளேதான் இருக்கிறது.

திரும்பினேன். நசியெகு கொப்பரை மேடைமேல் நின்றாள். எல்லாத் திருகுகளும் கழன்றுவிட்டன, ஒன்றைத் தவிர.

நிறுத்து என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல்? வரவில்லை. மெதுவாக என்பதற்கான சொல் வந்தது. பாதி வந்தது.

"போலே!"

அவள் நிமிர்ந்தாள். நாள் முழுக்க விரட்டியவள் முதல் தடவையாக அவள் படும் பாட்டைப் பார்த்து வருத்தம் சொல்கிறாள். முகம் அப்படியே விரிந்தது.

"அசாந்தே, மிஸ்" என்றாள்.

கடைசித் திருகைக் கழற்றினாள்.

மூடி கூரையில் மோதியது. ஆவி. இவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததேயில்லை என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படி ஒரு வாக்கியத்தை நினைத்தேன்.

ஜூலை 21

டவுன் ஆஸ்பத்திரி. லெமயான்தான் வண்டி ஓட்டினான்.

டாக்டர் இளைஞர். என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணின் மேல்பரப்பு வெந்திருக்கிறது. நைரோபியில் சவ்வு வைத்துத் தைத்தால் பார்வை திரும்பும். ஒரு வாரத்துக்குள் தைக்க வேண்டும். அதற்குப் பிறகு தழும்பு ஏறிவிடும். இங்கே களிம்பு மட்டும்தான்.

"யார் அனுப்புவது?" என்று கேட்டார்.

கம்பெனியின் காப்பீடு என்றேன்.

நசியெகுவின் தலை முழுக்கக் கட்டு. வாய் மட்டும் தெரிந்தது.

"மிஸ் ஹராக்கா வந்திருக்காளா?"

"இங்கதான் நிக்கிறாங்க" என்றான் லெமயான்.

சொல்ல வேண்டிய சொல்லை ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன்.

ஜூலை 22

அண்ணாச்சி மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு சுளை வைத்தார்.

"காப்பீட்டுக்காரன் நாளைக்கு வாறான். சுத்தி வளைச்சு ஒரே ஒரு கேள்விதான். எச்சரிச்சியா, இல்லியா."

"எச்சரிச்சேன்னு சொன்னா?"

"அவ தப்பு. கம்பெனிக்கு ஒண்ணுமில்ல."

"அவளுக்கு?"

"அவ தப்புன்னா அவளுக்கும் ஒண்ணுமில்ல. இங்கனயே கெடப்பா."

"இல்லன்னு சொன்னா, அண்ணாச்சி?"

"சொல்லு. நைரோபிக்கு ராணி மாதிரி கொண்டு போவான். மறுநாளு வந்து கொப்பரையைப் பூட்டிருவான். விருந்தாளி வந்து பூட்டைப் பாத்துட்டுப் போவான். இந்தப் பொம்பளையெல்லாம் மறுபடியும் கரி சுடப் போவாளுவ. ஒன் செடியும் வேரோட போவும்." ஒரு விதையைத் துப்பினார். "ஒன் விசா கம்பெனி பேருல இருக்கு. அத நான் சொல்லல, பாத்துக்கோ."

சுளையை வாயில் போட்டேன். புளித்தது.

"நீ கத்துனேல்லா பிள்ளே?"

"கத்தினேன்."

"பின்ன என்னத்துக்கு முழிக்க? உள்ளதச் சொல்லு."

மாலையில் விதியைப் புதிதாக அச்சிட்டேன். ஆங்கிலம், சுவாஹிலி, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம். ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை. சுவரில் அதே இடத்தில் ஒட்டினேன். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன்.

ஜூலை 23

பருத்த மனிதர். மரியாதையானவர். உட்கார்ந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "போலே" என்றார். கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தவள் அல்லவா நான்.

"அசாந்தே" என்றேன்.

"எச்சரித்தீர்களா?"

"ஆமாம்."

"எந்த மொழியில்?"

"சுவாஹிலியில்."

"உரக்கவா?"

"உரக்க."

"அவளுக்குக் கேட்டதா?"

"கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். நன்றி என்றாள்."

எழுதுவதை நிறுத்தினார். "நன்றி சொல்லிவிட்டா கழற்றினாள்?"

"ஆமாம்."

தலையை மெல்ல ஆட்டினார். "இந்தப் பெண்கள்" என்றார்.

சுவரில் ஒட்டியிருந்ததைப் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது தன் எண் உள்ள அட்டையைக் கொடுத்தார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் கூப்பிடுங்கள் என்றார்.

என்ன சொல் என்று அவர் கேட்கவில்லை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 24

விருந்தாளிகள். எண்ணெயை மணிக்கட்டில் தடவிக்கொண்டார்கள். சுவரில் ஒட்டிய விதியைப் பாராட்டினார்கள். அவர்களில் ஒரு பெண் கொட்டகை மூலையில் இருந்த சாக்கைத் திறந்தாள். பஞ்சைக் கை நிறைய அள்ளிக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எதற்கு?"

"தலையணைக்கு. இங்குள்ளவர்களின் பழைய பயன்பாடு."

"அப்படியானால் இந்தச் செடியில் எதுவுமே வீணாவதில்லை!"

"எதுவுமே" என்றேன்.

திட்டம் தொடரும்.

ஜூலை 26

லெமயான் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நசியெகு ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்றாங்க, மிஸ். ஆவி வர்றதுக்கு முன்னாடியே நீங்க போலே சொன்னீங்களாம். உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமாம். வரப்போற கஷ்டம் உங்க கண்ணுக்குப் படுமாம்."

"கோபமாச் சொல்றாளா?"

"இல்ல. பயபக்தியா."

வெளியே பெண்கள் இலைக்கட்டு இறக்கும் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. நசியெகு இல்லாமல் அவர்களுக்குச் சிரிக்க வரவில்லை.

"நீங்க சொல்ல வந்தது ரெண்டு தடவைதானே?" என்றான்.

மேசைமேல் எறும்பு போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் நாள் இருக்கு, மிஸ். அந்த ஆளுக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் சொன்னா எடுபடாது, நான் அங்க இல்ல. நீங்க சொன்னது எச்சரிக்கை இல்லன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு சொல்தானே."

யோசிக்கிறேன் என்றேன்.

"மெதுவா யோசிங்க" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

ஜூலை 27

இங்கே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் சிக்னல். ஏறினேன். அம்மாவுடன் நிறைய நேரம் பேசினேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். பக்கத்து வீட்டில் மாடி எழுப்புகிறார்களாம்.

"அங்க என்னதான் வேலை பாக்க? கேட்டா சொல்லத் தெரியல எனக்கு."

"செடியைக் காப்பாத்துறோம்மா."

"நல்ல காரியந்தான்" என்றாள். குரல் பக்கத்தில் இருப்பதுபோல் தெளிவு.

பிறகு காப்பீட்டுக்காரரைக் கூப்பிட அட்டையை எடுத்தேன். சிக்னல் சரியாக இல்லை.

ஜூலை 28

சிக்னல் இல்லை.

ஜூலை 29

துணி துவைத்தேன். எவ்வளவு அலசினாலும் வாசனை போகவில்லை.

ஆகஸ்ட் 6

இடது கண்ணும். லெமயான் வாசலிலேயே நின்று சொன்னான். வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தான். நாளை முதல் வரமாட்டானாம்.

வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன்.

"போலே, மிஸ்" என்றான்.

எதற்கு என்று தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டிய சொல் தெரியும். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

சுவாஹிலி ஒழுங்காகப் படிக்கிறேன். காலையில் இலக்கணம், மாலையில் பெண்களுடன் பேச்சு. நிறுத்து என்பதற்கு சிமாமா. எளிய சொல். முதல் பாடத்திலேயே இருக்கிறது.

செப்டம்பர் 11

சாக்கைத் திறந்து பஞ்சைக் கன்னத்தில் வைத்த பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். லெலெஷ்வாத் தலையணை வேண்டும், நூற்றுக்கணக்கில். கற்பூர மணம் நல்ல தூக்கம் தரும் என்று அச்சிடப் போகிறார்களாம். இனிமேல் பஞ்சு கொப்பரைக்குள் போகக் கூடாது, ஒரு இழைகூட.

"பஞ்சு அடைக்க ஆளு வேணும்" என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் உண்மையாகவே கனிந்தது. "அந்த நசியெகுவைக் கூப்பிடு பிள்ளே. பஞ்சு அடைக்க எதுக்குக் கண்ணு? பாவம், அவளுக்கும் ஒரு வழியாச்சு."

என்னை உதவி மேலாளர் ஆக்கியிருக்கிறார். ஈடு என்ற சொல் இழப்புக்குக் கொடுப்பதற்கும் உண்டு என்று இன்று திடீரென்று நினைவு வந்தது. அதைப் பற்றி ஒரு கவிதை எழுதலாம். எழுதவில்லை.

அக்டோபர் 3

இன்றுவரை பஞ்சுக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வேலை நிறைய. இன்று விருந்தாளிகளுக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது.

நசியெகு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பாதி இளஞ்சிவப்பு. விரல்கள் பஞ்சைப் பிரித்து, விதை பொறுக்கி, உறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. மற்ற எல்லாரையும்விட வேகமாக. அவளருகே ஒரு பஞ்சுக் குவியல், அதன் மேல் ஒரு குழந்தை. மகளுடையது.

என் நடையை அறிந்துகொண்டாள்.

"மிஸ் ஹராக்கா! எங்க போயிட்டே இவ்வளவு நாளா? வா, வந்து இவளைப் பாரு."

மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. எல்லாம் புரிந்தது. குனிந்து பார்த்தேன்.

"யாரு ஜாடை?" என்றாள். "ஒருத்தி அப்பன்ங்கிறா. ஒருத்தி மகளோட மாமியாக்காரிங்கிறா. எனக்குத் தெரியாதுன்னு ஆளுக்கொரு பொய் சொல்றாளுங்க. நீ சொல்லு, மிஸ். உனக்குத்தான் கண்ணு இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். நான் வந்த நாட்களில் கேட்ட அதே சிரிப்பு.

குழந்தை விழித்திருந்தது. பெரிய கண்கள். நேராக என்னைப் பார்த்தது. பிறகு முகம் முழுக்க விரிந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். மேடைமேல், கடைசித் திருகுக்கு முன்னால்.

படித்த சுவாஹிலி எதுவும் வரவில்லை. தமிழ் வந்துவிட்டது.

"உங்களப் போலே."

நசியெகுவின் விரல்கள் நின்றன.

கொட்டகையில் எல்லா விரல்களும் நின்றன. அவர்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"அசாந்தே" என்றாள் நசியெகு, பழக்கத்தில், மிக மெல்ல. பிறகு கைகள் பஞ்சைத் துழாவின. குழந்தையைத் தேடி எடுத்தன. வயிற்றோடு அழுத்திக்கொண்டு, அதன் மேல் தன் உடம்பை வளைத்து மூடினாள். வெந்த முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

"என்ன வருது, மிஸ்?" என்றாள். "எந்தப் பக்கத்துலேர்ந்து?"

ஒன்றும் வரவில்லை என்று சொல்ல அவள் மொழியில் இப்போது எனக்குத் தெரியும். எளிய சொல். அது என் தமிழ்ச் சொல் என்றும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைய சொல் எது என்று கேட்பாள்.

படம் எடுக்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவள் இன்னும் அப்படியே குனிந்திருப்பாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.